கை அறிந்த அளவு: மசாஜின் வரலாறும் அடிப்படை முறைகளும்

கி.பி. 157-ல் ரோமப் பேரரசின் பெர்கமோன் நகரத்தில், அரங்கில் ஆயுதச் சண்டை போடும் கிளாடியேட்டர்களுக்கு மருத்துவராக நியமிக்கப்பட்டபோது கேலனுக்கு 28 வயது. கிழிந்த தசை, விலகிய மூட்டு, வடியாத வீக்கம் என்று உடம்பு படும் பாட்டை அவர் அங்கே நேரில் பார்த்தார். பின்னாளில் உடல்நலம் காப்பது பற்றி அவர் எழுதிய நூலில், உடம்பைத் தேய்த்துவிடுவது பற்றி ஒரு நீண்ட விவாதம் வருகிறது. அழுத்தத்தை வைத்து அவர் தேய்ப்பதை மூன்றாகப் பிரிக்கிறார்: கடினம், மென்மை, இரண்டுக்கும் நடு. அப்புறம் கொஞ்சம், அதிகம், மிதம் என்று எவ்வளவு தேய்ப்பது என்பதை வைத்து இன்னொரு மூன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 9 விதம். மென்மையாக ரொம்ப நேரம் தேய்ப்பதும் கடினமாகக் கொஞ்ச நேரம் தேய்ப்பதும் வேறு வேறு சிகிச்சைகள், அவற்றை ஒரே பெயரால் அழைத்தால் குழப்பம்தான் மிஞ்சும் என்பது அவருடைய வாதம்.

மசாஜ் பற்றி இதுவரை சொல்லப்பட்டவற்றில் இந்த 9 கட்டங்களைத்தான் நான் மிக உயரத்தில் வைப்பேன். உடம்பு நான்கு திரவங்களால் ஆனது, அவற்றின் சமநிலை கெடுவதே நோய் என்று நம்பிய காலத்தவர் கேலன். அந்தக் கோட்பாட்டை மருத்துவம் எப்போதோ கைவிட்டுவிட்டது. ஆனால் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்று அவர் கேட்ட கேள்வி இன்றைய ஆய்வுகளிலும் அப்படியே இருக்கிறது. மசாஜின் வரலாறு முழுக்க இதையே பார்க்கலாம். ஏன் பலிக்கிறது என்ற விளக்கம் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறுகிறது. எந்த அளவில் பலிக்கிறது என்று கையால் கண்டு சொன்னவை பெரும்பாலும் நிற்கின்றன.

எண்ணிக்கையும் எண்ணெயும்

எங்கே தொடங்கியது என்று தேடுவதில் பெரிய பயன் இல்லை. அடிபட்ட இடத்தைத் தேய்த்துக்கொள்ள யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எகிப்தின் சக்காராவில், கிறிஸ்துவுக்கு 2300 ஆண்டுகளுக்கு முந்தைய அங்க்மாஹோர் கல்லறைச் சுவரில், ஒருவர் கையையும் காலையும் இன்னொருவர் பிடித்திருக்கும் சிற்பம் இருக்கிறது. மசாஜின் முதல் சான்று என்று பலரும் அதைக் காட்டுகிறார்கள். அது நகம் சீர்செய்யும் காட்சியாகவும் இருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அந்தச் சிற்பத்தை மட்டும் வைத்துப் பெரிதாக எதையும் கட்ட முடியாது.

எழுத்தில் வரும்போதுதான் விஷயம் சுவாரசியமாகிறது. பழங்காலக் கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரடீஸ் பெயரில் கிடைக்கும் மூட்டுகள் பற்றிய நூலில், இறங்கிய தோள்மூட்டை ஏற்றிய பிறகு என்ன செய்வது என்று ஓர் இடம் வருகிறது. மருத்துவனுக்குப் பல விஷயங்களில் பழக்கம் வேண்டும், தேய்ப்பதிலும் வேண்டும் என்கிறது அது. தளர்ந்த மூட்டைத் தேய்த்தே இறுக்கலாம், இறுகிய மூட்டைத் தேய்த்தே தளர்த்தலாம். தோளுக்கு மென்மையான கையால், வலிக்காமல் தேய்க்க வேண்டும். ஒரே செயல் எதிரெதிர் விளைவைத் தரும், வித்தியாசம் அளவில்தான் இருக்கிறது என்ற எண்ணம் இங்கேயே வந்துவிடுகிறது.

ரோமானியரான செல்சஸ் ஒருபடி மேலே போய் எண்ணிக்கையே தருகிறார். மிகவும் பலவீனமான நோயாளிக்கு 50 முறை தேய்த்தால் போதும், வலுவானவருக்கு 200 வரை போகலாம், மற்றவர்களுக்கு இடையில் ஏதோ ஓர் எண். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இளைஞர்களைவிடக் குறைவாக. இந்த எண்களுக்கு ஆதாரம் என்று எதுவும் கிடையாதுதான். ஆனால் மருந்தைப்போல இதற்கும் ஒரு அளவு உண்டு, ஆளைப் பார்த்து அதை மாற்ற வேண்டும் என்று ஒருவர் 2000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

இந்திய மருத்துவ நூல்களில் எண்ணெய் நடுவிடத்துக்கு வருகிறது. எண்ணெய் ஊறிய குடமும் தோலும், மசகிட்ட வண்டி அச்சும் எப்படி உழைப்பைத் தாங்குகின்றனவோ அப்படி எண்ணெய் தேய்த்த உடம்பும் தாங்கும் என்பது சரக சம்ஹிதை. சுசுருத சம்ஹிதை யாருக்குத் தேய்க்கக்கூடாது என்றும் சொல்கிறது: புதிதாகக் காய்ச்சல் கண்டவர், அஜீரணத்தில் இருப்பவர், பேதிக்கோ வாந்திக்கோ மருந்து எடுத்தவர். சுசுருதருக்கு 12-ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய டல்ஹணர் நேரக் கணக்கு ஒன்று தருகிறார். எண்ணெய் மயிர்க்கால்களுக்குப் போக 300 மாத்திரை, பிறகு தோல், ரத்தம், தசை, கொழுப்பு என்று ஒவ்வொரு படிக்கும் 100 மாத்திரை கூடி, எலும்பையும் தாண்டி மஜ்ஜையை எட்ட 900. கண்ணிமைக்கும் நேரம் ஒரு மாத்திரை என்ற பழைய கணக்கை நாம் இலக்கணத்தில் படித்திருப்போம். எண்ணெய் எலும்புவரை போவதில்லை என்பது இன்று தெரியும். ஆனாலும் அவசரமாகத் தேய்த்துவிட்டு எழக்கூடாது, கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் பலன் உண்டு என்ற கவனிப்பு அந்தக் கணக்குக்குள் இருக்கிறது. சித்த மருத்துவம் இதையே தொக்கணம் என்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் என்று போகும் அதன் வகைகளும் 9.

சீனாவில் இது அரசாங்க மருத்துவத்துக்குள்ளேயே இருந்தது. தாங் வம்சத்தின் அரச மருத்துவக் கழகத்தில் மசாஜுக்குத் தனித் துறையும் ஆசிரியர்களும் மாணவர்களும் இருந்தார்கள். எலும்பு முறிவையும் மூட்டு விலகலையும் அவர்களே பார்த்தார்கள். மிங் காலத்தில் குழந்தைகளுக்கான மசாஜ் தனிக் கலையாக வளர்ந்தது. குழந்தையின் விரலில் எந்த ஓரத்தில், எந்தத் திசையில், எத்தனை முறை தள்ளுவது என்று அந்த நூல்கள் எண்ணிச் சொல்கின்றன. பாரசீகத்தில் 1025 வாக்கில் இப்னு சீனா எழுதி முடித்த மருத்துவப் பெருநூல், உடற்பயிற்சிக்கு முன் தேய்ப்பதையும் பின் தேய்ப்பதையும் பிரித்துச் சொல்கிறது. முன்னது உடம்பைத் தயார் செய்ய, பின்னது களைப்பை ஆற்ற. விளையாட்டு வீரர்களோடு வேலை செய்பவர்கள் இன்றும் அப்படித்தான் பிரிக்கிறார்கள்.

ஜப்பானில் 17-ஆம் நூற்றாண்டில் சுகியாமா வாய்ச்சி என்ற பார்வையற்ற மருத்துவர், பார்வையற்றவர்களுக்கு அக்குபங்சர் என்ற ஊசி மருத்துவமும் மசாஜும் கற்றுத்தரும் பள்ளிகளைத் தொடங்கினார். நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகனின் ஆதரவு அதற்கு இருந்தது. விரல் நுனியால் உலகத்தை அறிந்தவர்களுக்குப் பிழைப்பும் மரியாதையும் தந்த தொழிலாக அது அங்கே வேரூன்றியது. தென்கொரியாவில் சட்டப்படி மசாஜ் உரிமம் பார்வையற்றவர்களுக்கு மட்டுமே. 2006-ல் அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. கடும் போராட்டம் எழுந்தது, சட்டம் திருத்தப்பட்டது, 2008-ல் அதே நீதிமன்றம் திருத்திய சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

'ஸ்வீடிஷ்' என்ற பெயர் வந்த வழி

இன்று உலகம் முழுக்கக் கற்றுத்தரப்படும் அடிப்படை மசாஜுக்கு 'ஸ்வீடிஷ்' என்று பெயர். அதைக் கண்டுபிடித்தவர் பெர் ஹென்ரிக் லிங் என்று பல கையேடுகள் எழுதுகின்றன. அது சரியல்ல. லிங் வாள்வீச்சு ஆசிரியர். 1813-ல் ஸ்டாக்ஹோமில் அவர் தொடங்கிய மையக் கழகம் உடற்பயிற்சிக்கானது. அவருடைய மருத்துவப் பயிற்சி முறையில் நோயாளி தானே அசைப்பது, பிறர் அசைத்துவிடுவது, எதிர்ப்பைத் தாண்டி அசைப்பது ஆகியவைதான் முக்கியம். தேய்ப்பதும் பிசைவதும் அதில் ஒரு சிறு பங்கு.

இப்போது நாம் அறிந்த வரிசைக்கு உருவம் கொடுத்ததில் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் யோஹான் கியோர்க் மெட்ஸ்கருக்குப் பெரிய பங்கு உண்டு. கணுக்கால் சுளுக்கை மசாஜால் குணப்படுத்துவது பற்றி 1868-ல் லைடன் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு கொடுத்தவர் அவர். அந்தக் காலத்தில் சுளுக்கு என்றால் வாரக்கணக்கில் அசையாமல் கட்டிப்போடுவதே வழக்கம். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் உட்பட ஐரோப்பிய அரச குடும்பத்தினர் அவரைத் தேடிப் போனார்கள். எஃப்லுராஜ் (நீவுதல்), பெட்ரிசாஜ் (பிசைதல்), ஃப்ரிக்ஷன் (உராய்வு), தபோத்மான் (தட்டுதல்) என்று நான்கு அடிப்படை அசைவுகள் பிரெஞ்சுப் பெயரோடு பாடப்புத்தகம் ஏறியது அவர் வழியாகவும் அவரைப் பின்பற்றியவர்கள் வழியாகவும்தான். ஸ்வீடனில் இந்த முறைக்கு 'செவ்வியல் மசாஜ்' என்று பெயர்.

இதே காலக்கட்டத்துக்குச் சற்று முன்னால், பட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது இங்கிலாந்தின் பிரைட்டனில் நீராவிக் குளியலோடு சேர்த்து இந்திய முறை மசாஜை அறிமுகப்படுத்தியிருந்தார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்று இரண்டு மன்னர்கள் அவரை அரச நியமனம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். மசாஜின் ஐரோப்பிய வரலாற்றைச் சொல்பவர்கள் அவரைத் தாண்டிப் போய்விடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

பிறகு ஒரு பெரிய நெருக்கடி. 1894-ல் பிரிட்டனின் முன்னணி மருத்துவ இதழ், மசாஜ் என்ற பெயரில் லண்டனில் விபசார விடுதிகள் நடப்பதை அம்பலப்படுத்தியது. முறையாகக் கற்று மருத்துவமனைகளில் வேலை பார்த்த பெண்கள் பெயரெல்லாம் கெட்டது. அதே ஆண்டு செவிலியரும் மருத்துவச்சியருமான நான்கு பெண்கள் சேர்ந்து பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். விதிகள் கறார்: மருத்துவர் சொல்லாமல் யாருக்கும் செய்யக்கூடாது, மருத்துவ இதழ் தவிர வேறெங்கும் விளம்பரம் கூடாது, மருத்துவர் தனியாகக் கேட்டுக்கொண்டால் தவிர ஆண்களுக்கு முழு உடல் மசாஜ் கூடாது, நோயாளிக்கு மருந்து விற்கக்கூடாது. தேர்வு வைத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். முதல் உலகப்போரில் காயம்பட்டு வந்த படைவீரர்களை மறுபடி நடக்க வைத்த வேலையில் பெரும்பகுதி இப்படிப் பயின்ற பெண்கள் கையால் நடந்தது. பார்வை இழந்து திரும்பிய வீரர்களும் இந்தத் தொழிலைக் கற்றார்கள். 1920-ல் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. 1944-ல் அது பிசியோதெரபி சங்கம் என்று பெயர் மாறியது.

அதாவது இன்றைய பிசியோதெரபி என்ற துறையே மசாஜிலிருந்து பிறந்ததுதான். பிள்ளை வளர்ந்ததும் மின்சிகிச்சைக் கருவிகளும் உடற்பயிற்சித் திட்டங்களும் முன்னுக்கு வந்தன, கையால் செய்யும் வேலை பின்னுக்குப் போனது. ஒரு நோயாளிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க எந்த மருத்துவமனைக்கும் கட்டுப்படியாகாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஐந்து அசைவுகள்

எந்த நாட்டு முறையை எடுத்தாலும் கை செய்யும் அடிப்படை வேலைகள் சிலவே. ஒவ்வொன்றையும் சரியாகப் புரிந்துகொண்டால் மற்றவை அவற்றின் கலவை என்று தெரியும்.

முதலில் நீவுதல், அதாவது எஃப்லுராஜ். உள்ளங்கை முழுவதும் படிய, எண்ணெய் தடவிய தோலின்மேல் நீளமாக வழுக்கிச் செல்வது. மசாஜ் இதில் தொடங்கி இதிலேயே முடியும். எண்ணெய் பரவுகிறது, தோல் சூடாகிறது, தொடப்படுபவர் அந்தக் கைக்குப் பழகுகிறார். செய்பவருக்கும் இதுதான் முதல் சோதனை: எங்கே இறுக்கம், எங்கே தொட்டதும் உடம்பு சுருங்குகிறது என்று கை படித்துக்கொள்கிறது. புதிதாகக் கற்பவர்கள் செய்யும் பெரிய தவறு வேகம். பிடரியிலிருந்து இடுப்புவரை ஒரு நீவலுக்குப் பத்து விநாடி எடுத்துக்கொள்ளலாம். அது அவர்களுக்கு ரொம்ப மெதுவாகத் தோன்றும். கையைச் சட்டென்று எடுப்பதும் தவறு. ஒரு கை விலகும் முன் இன்னொரு கை உடம்பில் இருக்க வேண்டும்.

நீவும் திசையில் ஒரு வேடிக்கையான முரண் இருக்கிறது. ஐரோப்பிய முறையில் கை கால்களின் நுனியிலிருந்து இதயத்தை நோக்கி நீவ வேண்டும் என்பது விதி. சிரைகளுக்குள் ஒருவழி வால்வுகள் இருக்கின்றன, ரத்தம் இதயம் நோக்கியே போகும் என்பதால் இந்த விதி. ஜப்பானின் பழைய அன்மா முறையில் இதற்கு நேர் எதிர்: உடலின் மையத்திலிருந்து நுனி நோக்கி. இரண்டு முறைகளிலும் படுத்திருப்பவர் சுகமாகத்தான் எழுந்து போகிறார். ரத்த ஓட்டத்தைத் தள்ளிவிடுவதுதான் மசாஜின் ரகசியம் என்றால் இரண்டில் ஒன்று தோற்றிருக்க வேண்டும். வீங்கிய காலை நீவும்போது மட்டும் திசை உண்மையிலேயே முக்கியம். அங்கே மேல்நோக்கித்தான் போக வேண்டும்.

இரண்டாவது பிசைதல். தோலை அல்ல, அதன் அடியில் உள்ள தசையைக் கை நிறைய எடுத்து, எலும்பிலிருந்து சற்றுத் தூக்கி, அமுக்கி, உருட்டி விடுவது. தொடை, கெண்டைக்கால், தோள்பட்டையின் மேல்பகுதி இதற்கு ஏற்ற இடங்கள். விரல் நுனியால் பிடித்தால் கிள்ளுவதுபோல வலிக்கும்; கட்டைவிரலுக்கும் மற்ற நான்கு விரல்களுக்கும் இடையில் முழுத் தசையும் அடங்க வேண்டும். இரண்டு கைகளும் மாறி மாறி, ஒரே தாளத்தில். இதைப் பற்றி 1990-களின் தொடக்கத்தில் கனடாவில் நடந்த சோதனைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. கெண்டைக்கால் தசையைப் பிசையும்போது, அந்தத் தசைக்குப் போகும் நரம்புச் செல்களின் துடிப்பு குறைகிறதா என்று ஒரு அனிச்சைச் செயலை வைத்து அளந்தார்கள். குறைந்தது. பிசைவதை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பியது. தசையில் இருந்த 'முடிச்சு' உடைந்தது என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி, முதுகுத்தண்டில் நடக்கும் இந்த மாற்றமாக இருக்கலாம்.

மூன்றாவது உராய்வு. இங்கே விரல் தோலின்மேல் வழுக்கக்கூடாது. விரலும் தோலும் ஒன்றாக நகர்ந்து, அடியில் இருக்கும் தசைநாணின்மேல், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரின்மேல், உராய வேண்டும். அதனால் எண்ணெய் வேண்டாம், சிறிய இடம் போதும். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ஜேம்ஸ் சிரியாக்ஸ், நார்களுக்குக் குறுக்காக ஆழமாக உராய்வதைத் தசைநாண் வலிகளுக்கான சிகிச்சையாக வளர்த்தெடுத்தார். பல பத்தாண்டுகள் மருத்துவர்கள் அதை நம்பினார்கள். முழங்கை, முழங்கால் தசைநாண் வலிகளுக்கு அது பலிக்கிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பது பின்னர் நடந்த ஆய்வுத் தொகுப்பின் முடிவு. தசைநாண் பிரச்சினைக்கு இன்று படிப்படியாகச் சுமை கூட்டும் உடற்பயிற்சிதான் முதலிடம்.

தட்டுதல் எல்லோரும் அறிந்தது. கையைக் குவித்தோ விரல் ஓரத்தாலோ வேகமாகத் தட்டுவது. அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும், தோளிலிருந்து வந்தால் அது அடி. சளி கட்டிய நுரையீரலுக்கு முதுகிலும் விலாவிலும் குவித்த கையால் தட்டுவது மருத்துவமனைகளில் இன்றும் உள்ள முறை. முதுகுத்தண்டின் மேலும், விலாவுக்குக் கீழே சிறுநீரகம் இருக்கும் பகுதியிலும் தட்டக்கூடாது. ஐந்தாவது அதிர்வு. கையால் நீண்ட நேரம் செய்ய முடியாத வேலை இது. ஸ்டாக்ஹோம் மருத்துவர் குஸ்தாவ் சாண்டர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு இயந்திரங்கள் செய்துவிட்டார். இன்று கடைகளில் விற்கும் துப்பாக்கி வடிவ மசாஜ் கருவி அந்த வழியில் வந்ததுதான்.

இவை தவிர, அசையாமல் ஓரிடத்தில் அழுத்திப் பிடிப்பது. ஜப்பானின் ஷியாட்சுவும் தாய்லாந்து மசாஜும் பெரும்பாலும் இதன்மேல் நிற்கின்றன. எண்ணெய் இல்லை, உடையோடு தரையில் படுக்கை, கட்டைவிரல், முழங்கை, பாதம் எல்லாம் கருவி. பாங்காக்கின் வாட் போ கோயிலில் மூன்றாம் ராமா மன்னர் 1830-களில் கல்லில் பொறித்துவைத்த படங்கள் அழுத்த வேண்டிய இடங்களைக் காட்டுகின்றன. தாய்லாந்து மசாஜ் 2019-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

எந்த அசைவாக இருந்தாலும் பலம் கையிலிருந்து வரக்கூடாது. கால்களை ஊன்றி, முதுகை நேராக வைத்து, உடம்பின் எடையைச் சாய்த்துத்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும். கட்டைவிரல் பலத்தால் வேலை செய்பவருக்குச் சில ஆண்டுகளில் அந்த மூட்டே வலிக்கத் தொடங்கிவிடும்.

விளக்கங்கள் எங்கே தவறின

மசாஜ் செய்தால் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் வெளியேறும் என்று இன்றும் சொல்கிறார்கள். கடும் உழைப்பில் சேரும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம்) ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தானாகவே குறைந்துவிடுகிறது. அடுத்த நாள் வரும் தசைவலிக்கு அது காரணமும் இல்லை. 2012-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். லாக்டேட்டில் வித்தியாசமே இல்லை. ஆனால் மசாஜ் செய்த காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைந்திருந்தன. பலன் இருந்தது, வழக்கமாகச் சொல்லும் காரணம்தான் பொய்யானது. ஆட்கள் குறைவான ஆய்வு, அதைவிட அதிகமாக அதிலிருந்து எடுக்கக்கூடாது.

'உடம்பின் நச்சு வெளியேறும்' என்பதற்கு இந்த அளவுகூட அடிப்படை கிடையாது. எந்த நச்சு என்று யாரும் பெயர் சொல்வதில்லை. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. தசையைச் சுற்றியிருக்கும் உறையை விரலால் இழுத்து நீட்டிவிடலாம் என்பதும் சந்தேகத்துக்குரியதே. தொடையின் வெளிப்பக்க உறை போன்ற தடித்த உறைகளின் வடிவத்தை மாற்ற மனிதக் கையால் தர முடிகிற விசை போதாது என்று 2008-ல் வந்த கணக்கீடு காட்டியது.

நம்பத்தக்க விளக்கங்கள் பெரும்பாலும் நரம்பு மண்டலத்தைச் சுட்டுகின்றன. 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முன்வைத்த வாயில் கோட்பாட்டின்படி, தொடுதலும் அழுத்தமும் அனுப்பும் சமிக்ஞைகள் முதுகுத்தண்டில் வலிச் சமிக்ஞைகளை மட்டுப்படுத்துகின்றன. 1990-களில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மனிதரின் ரோமமுள்ள தோலில் மெல்லிய நரம்பிழை வகை ஒன்று இருப்பதை விவரித்தார்கள். விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மென்மையாக வருடினால்தான் அது நன்றாகத் துடிக்கிறது. அதைவிட வேகமாகவோ மெதுவாகவோ போனால் துடிப்பு குறைகிறது. அந்த வேகத்தில் வருடினால்தான் இதமாக இருக்கிறது என்று தொடப்பட்டவர்களும் சொன்னார்கள். நல்ல மசாஜ்காரர் நீவும் வேகம் இந்த எல்லைக்குள் அடங்கும்.

அளவு பற்றிய நேரடிச் சான்றுகளும் வந்துவிட்டன. நாள்பட்ட கழுத்துவலி உள்ள 228 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2014-ல் வெளிவந்த ஆய்வில், வாரம் இரண்டு மூன்று முறை ஒரு மணி நேர மசாஜ் எடுத்தவர்களுக்கு நான்கு வாரத்தில் தெளிவான முன்னேற்றம். அரை மணி நேரம் எடுத்தவர்கள், மசாஜே இல்லாமல் காத்திருந்தவர்களைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. அரை மணி நேரம் போய்ப் பார்த்தேன், பலனில்லை என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குக் கிடைத்த அளவு போதவில்லை. குறைமாதக் குழந்தைகள் 40 பேரை வைத்து டிஃபனி ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு மூன்று முறை 15 நிமிடம் என்று 10 நாள் வருடிவிடப்பட்ட குழந்தைகளின் தினசரி எடை மற்றக் குழந்தைகளைவிட 47 சதவீதம் அதிகமாகக் கூடியது. மிக லேசான தொடுதலைவிட மிதமான அழுத்தமே எடை கூட உதவுகிறது என்பது பிற்பாடு தெரிந்தது. கேலனின் நடுக் கட்டம்!

முதுகுவலிக்குக் குறுகிய காலத்தில் நிவாரணம் உண்டு, ஆனால் ஆதாரத்தின் தரம் குறைவு என்பது 2015-ல் வந்த பெரிய தொகுப்பாய்வின் முடிவு. ஒரே ஒரு அமர்விலேயே பதற்றமும் இதயத் துடிப்பும் குறைவதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. பல வாரம் தொடர்ந்தவர்களிடம் மனச்சோர்வு குறைந்தது. மசாஜுக்கு இதைவிடப் பெரிய பெருமை தேவையில்லை என்று நினைக்கிறேன்.

வலியும் எச்சரிக்கையும்

வலிக்க வலிக்கச் செய்தால்தான் பலிக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. வலி தாங்க முடியாமல் போனால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும். மிக ஆழமாக அழுத்தியதில் தசைத் திசு சிதைந்து சிறுநீரகம்வரை பாதித்த அரிய நிகழ்வுகளை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. எதிர்முனையில், டென்மார்க்கைச் சேர்ந்த வோடர் தம்பதியர் 1930-களில் உருவாக்கிய, திசுக்களில் தேங்கும் நீரை வடிக்கும் நிணநீர் வடிப்பு முறையில் அழுத்தம் தோலை நகர்த்தும் அளவுதான். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்கியவர்களுக்கு இறுக்கக் கட்டோடு சேர்த்து அது இன்றும் கொடுக்கப்படுகிறது. அங்கே ஆழமாக அழுத்தினால் காரியம் கெடும். 'நல்ல அழுத்தம்' என்றால் படுத்திருப்பவர் மூச்சை அடக்காமல் தாங்கக்கூடிய அழுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அதிகமாக இருந்தால் அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், செய்பவர் கேட்கவும் வேண்டும்.

செய்யக்கூடாத நேரங்கள் சில இருக்கின்றன. காய்ச்சல், பரவும் தோல் நோய், திறந்த புண், புதிய எலும்பு முறிவு இருந்தால் வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் காரணமில்லாமல் வீங்கி, சூடாகி, வலித்தால் அதைப் பிசையவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால், அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். அவர் போக வேண்டிய இடம் மருத்துவமனை. கழுத்தின் முன்பக்கம், முழங்காலின் பின்குழி ஆகிய இடங்களில் பெரிய ரத்தக் குழாய்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுவதால் அங்கே ஆழமாக அழுத்தக்கூடாது. கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி முறிப்பது மசாஜின் பகுதியே அல்ல. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமானவர்களுக்கும் லேசான அழுத்தமே போதும். கர்ப்பிணிகள் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, அதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் போவது நல்லது.

புற்றுநோய் உள்ளவர்களைத் தொடவே கூடாது, தொட்டால் நோய் பரவும் என்று நீண்ட காலம் கற்றுத்தந்தார்கள். அந்தத் தடை இப்போது தளர்ந்துவிட்டது. கட்டி இருக்கும் இடத்தையும் கதிர்வீச்சு பட்ட தோலையும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் கவனித்து, அழுத்தத்தைக் குறைத்து, பல புற்றுநோய் மருத்துவமனைகளே இன்று நோயாளிகளுக்கு மசாஜ் தருகின்றன. சில நேரம் பாதங்களுக்கு மட்டும், பத்து நிமிடம்.